மூடுகிற சாமான்

"என்ன பிள்ளை சார்?" என்று கேட்டாள் கடைப்பெண். இரண்டு மாடி ஏறி வந்த மூச்சு எனக்கு இன்னும் அடங்கவில்லை. பிறந்த பிள்ளை என்றேன். சிரித்துவிட்டாள். "பச்சப்பிள்ளை சாமான் வாங்க வந்துட்டு வேற என்ன சார் சொல்வீங்க. ஆம்பளப் பிள்ளையா, பொம்பளப் பிள்ளையா?" நான் சட்டைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து, வராத அழைப்புக்கு ஹலோ ஹலோ என்று சொல்லிக்கொண்டே அலமாரிப் பக்கம் திரும்பிவிட்டேன். பதினோராம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறவன் செய்கிற காரியமா இது, என் வகுப்பில் ஒருத்தன் இப்படி நடித்தால் வெளியே நிறுத்தியிருப்பேன். இடது கைப் பக்கம் பூராவும் ரோஸ், வலது கைப் பக்கம் பூராவும் நீலம், நடுவில் ஆள் நடக்க மட்டும் ஒரு வழி, அந்த வழியில் ஹலோ ஹலோ என்று நிற்கிறேன். பிறப்பதற்கு முன்னால் பிள்ளைக்கு ஒரு கைக்குட்டைகூட வாங்கிவைக்கக் கூடாது, வாங்கினால் ஆகாது என்பது எங்கள் வீட்டில் இருக்கிற வழக்கம், என் மனைவி வடிவு வீட்டிலும் அதே. அதனால் இப்போது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்கியாக வேண்டும். மத்தியானம் டிஸ்சார்ஜ். வடிவின் பழைய சேலைத் துண்டுகளில்தான் இன்றுவரை பிள்ளை கிடக்கிறது. கிடக்கிறது என்று நினைக்கிறேன் பாருங்கள். தூங்குது, முழிச்சிட்டுது, கொட்டாவி விடுது என்று வடிவுதான் சொல்கிறாள், எல்லாத் தாயும் அப்படித்தான், கைப்பிள்ளையை அவன் அவள் என்று யார் சொல்கிறார்கள், அது என்பதுதான் அதற்குக் கொஞ்சல். எனக்கு மட்டும் ஒவ்வொரு 'அது'வும் காதில் குத்துகிறது. அந்த டாக்டரம்மா எவ்வளவு பதமாகச் சொன்னார். ஆணா பெண்ணான்னு இப்பவே சொல்ற மாதிரி இல்ல சார், இப்படிப் பிறக்கிற குழந்தைங்க உண்டு, நீங்க நினைக்கிற அளவுக்கு அபூர்வம் இல்ல, ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கோம், ரிசல்ட் வரக் கொஞ்ச நாள் ஆகும், குழந்தை ஆரோக்கியமா இருக்கு, அதுதான் முக்கியம். நான் தலையை ஆட்டிக்கொண்டே அவருக்குப் பின்னால் இருந்த கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தேன். என் குழந்தையைப் பற்றி உலகம் சொன்ன முதல் செய்தி அது, நான் பார்த்தது கதவை.

வடிவு அன்றைக்குச் சாயங்காலமே சொல்லிவிட்டாள். "யாரு கேட்டாலும் குழந்தை பிறந்திருக்கு, நல்லா இருக்குன்னு சொல்லுங்க. அதுக்கு மேல கேட்டா தெரியலன்னு சொல்லுங்க. பொய் மட்டும் சொல்லிராதீங்க. நாளைக்கு மாத்திச் சொல்ல முடியாது." எவ்வளவு சுலபமான வேலை, ஒன்றும் சொல்லாமல் இருப்பது. சரி என்றேன். தையல் வலியில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறவள் என்னைவிடத் தெளிவாக இருந்தாள், அதுவும் எனக்குக் கோபமாக இருந்தது, அந்தக் கோபத்துக்கும் வெட்கப்பட்டேன். இப்போது கூடை என் கையில் இருக்கிறது. செல்வராணி என்று சட்டையில் பெயர் குத்திய அந்தப் பெண் பின்னாலேயே வருகிறாள், இது கழுத்து நிற்காத பிள்ளைக்குத் தலைகாணி, இது ரப்பர் ஷீட்டு, இது மடக்குக் கொசுவலை. கொசுவலையில் இரண்டு ரகம், ஒன்று குடை மாதிரி கவிழ்க்கிறது, இன்னொன்று சுற்றிவர ஜிப் போட்டு மூடுகிறது. எது வசதி என்று கேட்டேன். "குடைதான் சார் லேசு, ஒரு கையால எடுத்துரலாம்." ஜிப் வைத்ததை எடுத்தேன். படுக்கையிலும் இரண்டு ரகம், ஒன்று சும்மா மெத்தை, இன்னொன்று கழுத்துவரைக்கும் மூடுகிற பை, பையை எடுத்தேன். பாளையங்கோட்டையில் இந்த வெயிலில், ஃபேன் காற்றே அடுப்பில் இருந்து வருகிற மாதிரி இருக்கிற மாசத்தில், கம்பளித் துணி வைத்துத் தைத்த பை. கட்டுகிற துணியா டயப்பரா என்று கேட்டாள். இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டுக் கட்டுகிற வெள்ளைத் துணி ஒரு கட்டு எடுத்து விரித்துக் காட்டினாள், எவ்வளவு சின்னத் துணி, ஒரு உள்ளங்கைதான் இருக்கும், நனைந்தால் மாற்ற வேண்டும், மாற்றும்போது யாராவது பக்கத்தில் இருப்பார்கள், பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்கு என்ன கூச்சம், வந்ததும் துணியை விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் கன்னத்தையே கிள்ளுவார்கள். டயப்பர் கொடும்மா என்றேன். "வெயிலுக்குத் துணிதான் சார் நல்லது. பொழுதன்னைக்கும் டயப்பர் போட்டா புண்ணாயிரும்." பரவாயில்லை, பெரிய பாக்கெட்டாகக் கொடு. பிறகு குளிப்பாட்டுகிற டப். இதைக் கண்டதும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பிள்ளை குளிப்பாட்டுவது உலகம்மக்கா, என் கூடப் பிறந்தவள், கடையநல்லூரிலிருந்து அதற்காகவே வருகிறாள், காலை நீட்டிப் பிள்ளையைக் குப்புறவும் மல்லாக்கவும் போட்டு எண்ணெய் தேய்த்து உருவி எடுத்துவிடுவாள். டப் இருந்தால் டாக்டர் இதில்தான் குளிப்பாட்டச் சொன்னார், வடிவே பார்த்துக்கொள்வாள் என்று சொல்லிவிடலாம். அக்கா கையைத் தட்டிவிட ஒரு டப். அப்போதுதான் கூடையைப் பார்த்தேன். மூடுகிற வலை, மூடுகிற பை, மூடுகிற டயப்பர், கூட ஒரு டப். பிள்ளைக்கு உபயோகமான சாமான் இதில் ஒன்றும் இல்லை, எல்லாம் எனக்கு உபயோகமான சாமான். அது தெரிந்த பிறகும் நான் ஒன்றையும் திருப்பி வைக்கவில்லை.

"ஆவுடையப்பன் சார்!" தேவசகாயம் சார், எங்கள் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார், பிரேயரில் மைக் இல்லாமலே மைதானம் முழுக்கக் கேட்கிற தொண்டை. தம்பி மகளுக்குப் பிறந்த நாள் சட்டை எடுக்க வந்தாராம். "என்ன சார், பிறந்தாச்சா? ஒரு வார்த்தை சொல்லலையே. என்ன பிள்ளை?" ஒரு வார்த்தை. வடிவு சொல்லிக்கொடுத்தது என்ன, குழந்தை பிறந்திருக்கு நல்லா இருக்கு. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பையன் சார் என்று வந்தது. எப்படி வந்தது. பெண் என்று ஏன் வரவில்லை, பொய் சொல்வதென்று ஆகிவிட்டால் இரண்டும் ஒன்றுதானே, பெண் என்று சொன்னால் வாழ்த்திலே ஒரு சுருதி குறையும், அதையும் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் என் நாக்கு பையன் என்று எடுத்திருக்கிறது. "அடி சக்கை!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார், தோள் மூட்டு கழன்றுவிட்டது. சந்தோஷம் என்றால் அவருக்கு அப்படிச் சந்தோஷம். எனக்கும் வந்தது. அதுதான் கேவலம். அரை நிமிஷம், ஒரு பையனுக்கு அப்பனாக நின்று இளித்தேன். அவர் சட்டை எடுக்க அந்தப் பக்கம் போனார், சட்டைப்பையில் ஃபோன் துடிக்க ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்து வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டார். ஆவுடையப்பன் சாருக்கு ஆண் குழந்தை, தாயும் சேயும் நலம். கும்பிடு போட்டு ஒருத்தர், கேக் போட்டு ஒருத்தர், ஸ்வீட் எப்போது என்று ஒருத்தர், வாரிசு வந்துவிட்டது வாழ்த்துகள் என்று எச்.எம். வாரிசு. சொன்னது மூன்றெழுத்து, அதை இனி எந்த ஊரில் போய்ப் பொறுக்குவேன். ரிசல்ட் பெண் என்று வந்தால் என்ன சொல்வேன். அப்படியெல்லாம் வராமல் இன்னும் பார்க்க வேண்டும் என்றே வந்தால். பிள்ளை வளர்ந்து பள்ளிக்கூடம் போய், ஒருநாள் யாராவது அதனிடம், உங்க அப்பா அப்ப பையன்னுல்லா சொன்னாரு என்று சொன்னால். அதன் முகம் எப்படி இருக்கும் என்று யோசிக்கப் பார்த்தேன், முகம் வரவில்லை. துணிப் பொட்டலம்தான் வந்தது.

செல்வராணி பாட்டில் அலமாரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் நடந்து போனதே தெரியவில்லை. ரப்பர் காம்பில் சைஸ் இருக்கிறதாம், ஓட்டை சின்னது பெரியது இருக்கிறதாம், சொல்லிக்கொண்டே இருக்கிறாள், எனக்கு ஃபோன் துடிக்கிறதுதான் கேட்கிறது, ஒவ்வொரு துடிப்பும் ஒரு வாழ்த்து. அவள் ஒரு பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "என்ன பால் சார்?" திணை, பால், எண், இடம் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன் நான். ஆண்பால், பெண்பால், பலர்பால் என்று மூச்சு விடாமல் சொல்லு என்று பிள்ளைகளைப் படுத்தி எடுத்திருக்கிறேன். இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது, இவளும் விட மாட்டாளா, நான் பையன் என்று சொன்னது இவள் காதில் விழவில்லையா, விழுந்தும் நம்பவில்லையா. "தெரியலம்மா" என்றேன். "எங்களுக்கு இன்னும் தெரியல. டெஸ்ட்டுக்குப் போயிருக்கு. டாக்டருக்கே தெரியல." சொல்லி முடித்துக் கூடையைக் கீழே வைத்துவிட்டேன். அவள் பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பாலையா சார் டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கீங்க? தாய்ப்பாலா, பவுடர் பாலான்னு கேட்டேன். தாய்ப்பால்னா இந்தப் பாட்டிலே வேண்டாம்லா, அதுக்குக் கேட்டேன்." நான் சிரித்தேன். அழுகையும் கூடவே வந்துவிட்டது, மூக்கைத் துடைத்துக்கொண்டேன். தாய்ப்பால்தாம்மா, பாட்டில் வேண்டாம். அவள் ஒன்றும் கேட்காமல் பாட்டிலை வைத்துவிட்டு ரப்பர் காம்புகளை அடுக்கினாள், அவளுக்கு நான் இன்னொரு குழம்பிப்போன அப்பன். ஆனால் நான் சொல்லிவிட்டேன். வாய்விட்டு, வெளியாள் ஒருத்தியிடம், தெரியலை என்று சொல்லிவிட்டேன். கடையில் ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அந்தச் சூட்டோடு சூடாக அக்காவிடமும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், நினைத்ததைச் செய்வதற்குள் ரோஸ் பக்கம் ஒருதரம் நீலப் பக்கம் ஒருதரம் நடந்தேன், அதற்குள் அவளே கூப்பிட்டுவிட்டாள். பஸ் இரைச்சலுக்கு மேலே கத்தினாள். "ஏல, பிள்ளை பிறந்திருக்குங்கே, என்ன பிள்ளைன்னு கேட்டா நல்லாருக்குங்கே. வடிவுட்ட கேட்டா உங்க தம்பிட்ட கேளுங்கங்கா. ரெண்டு பேரும் எங்கிட்ட என்னத்தல மறைக்கிய?" சொன்னேன். நீலச் சட்டைகளுக்கு நடுவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன், அபூர்வம் இல்லையாம் என்பதை மட்டும் இரண்டு தடவை. அவள் குரலை இறக்கினாள். "யாருக்கெல்லாம்ல தெரியும்?" எங்க ரெண்டு பேருக்குத்தான்க்கா. "நீ கண்ணால பாத்தியா?" பாக்கலக்கா என்றேன். நர்ஸ் துணி மாற்ற வரும்போதெல்லாம் நான் டீ வாங்கப் போயிருக்கிறேன், வெந்நீர் வாங்கப் போயிருக்கிறேன், ஒருதரம் ஒன்றும் வாங்கப் போகாமல் வராந்தாவில் சுவரைப் பார்த்து நின்றிருக்கிறேன். வடிவு ஒருநாளும் கேட்கவில்லை, கேட்காததால் அவளுக்குத் தெரியாது என்று ஆகிவிடுமா. அக்கா அதைக் காதிலேயே வாங்கவில்லை. "யாருட்டயும் மூச்சு விட்டுராத. நம்ம சிவகாமிக்கு அம்பாசமுத்திரத்துல மாப்பிள்ளை பேசிக்கிட்டு இருக்கோம், அவிய காதுக்குப் போச்சுன்னா அவ்வளவுதான். டயப்பரை மாட்டி விடு. எவ வந்தாலும் தூங்குதுன்னு சொல்லு, அவுக்க விடாத. நான் கதவைச் சாத்திட்டுக் குளிப்பாட்டிக்கிடுதேன். கேட்டியா, பையன்னே சொல்லு." ஒவ்வொரு வார்த்தையும் என் கூடையில் இருந்தது. நான் வாயால் சொல்லாமல் சாமானாக எடுத்துப் போட்டதை அவள் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறாள். என் மனசுக்குள் இருந்தபோது அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருந்தேன், இன்னொருத்தர் வாயால் கேட்டபோதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தது. அக்காவை என்ன சொல்ல, அவளுக்கு மகள் கல்யாணம். எனக்கு என்ன வந்தது. சரிக்கா, நீ பார்த்து வா என்று ஃபோனை வைத்தேன். செல்வராணியைக் கூப்பிட்டு, இந்தப் பை வேண்டாம்மா, ஜிப் வலைக்குப் பதிலாக அந்தக் குடை வலையைக் கொடு, டப் வேண்டாம், டயப்பர் ராத்திரிக்குச் சின்னப் பாக்கெட் போதும், அந்தத் துணி ஒரு கட்டு, இல்லை, இரண்டு கட்டு என்றேன். பில் போடுறதுக்கு முன்னால இப்படித்தான் சார் எல்லாரும் மாத்துவாங்க என்றாள் அவள்.

பில் போடுகிற இடத்தில் தேவசகாயம் சார் நின்றுகொண்டிருந்தார். கையில் நீலத் தொப்பியும் நீலக் கால்சராயும் வைத்த அட்டைப் பெட்டி. "பையனுக்கு என்னோட கிஃப்ட். வேண்டாம்னு சொல்லக் கூடாது." வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பெட்டி கையில் வந்தும் விட்டது, ஒரு எடையும் இல்லை. சார், பையன்னு சொன்னது பொய் சார், என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "அப்போ பொம்பளப் பிள்ளையா?" நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "என்ன சார் இது. படிச்ச மனுஷன். எனக்கு ரெண்டும் பொண்ணுதான், நான் என்னைக்காவது சொல்லக் கூசியிருக்கேனா? வெட்கமா இல்ல உங்களுக்கு?" நிஜமாகவே கோபப்பட்டார், கண் சிவந்துவிட்டது. ஆமாம் சார் தப்புதான் என்று தலையைக் குனிந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். பெண் பிறந்ததை மறைத்தவன் என்கிற வெட்கத்துக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு இடம் இருக்கிறது, அதைத் திட்டவும் ஆள் இருக்கிறது, மன்னிக்கவும் ஆள் இருக்கிறது. எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா, அந்த வெட்கத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ள. இல்ல சார் என்றேன். "ஆணா பெண்ணான்னு டாக்டருக்கே இன்னும் தெரியல. டெஸ்ட் பண்ணியிருக்காங்க. நான்தான் பயந்துபோய்ச் சொல்லிட்டேன். குழந்தை நல்லா இருக்கு சார்." மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன், வகுப்பில் பேசுகிற குரலில் வந்துவிட்டது, பில் போடுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். சார் தன் பெரிய கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். பாவம், அவருக்கு இதற்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை, எனக்கே கிடைக்காதது அவருக்கு எப்படிக் கிடைக்கும். கடைசியில் ஃபோனை எடுத்தார். "அப்போ குரூப்புல என்ன சார் போட?" குழந்தை பிறந்திருக்குன்னு போடுங்க சார். எழுத்தெழுத்தாகத் தட்டினார். தட்டிவிட்டு, பெட்டியை என்ன செய்ய என்று கேட்டார். இருக்கட்டும் சார், தொப்பிதானே, போட்டுக்கொள்ளட்டும் என்றேன். ஆட்டோவில் போகும்போது ஃபோன் துடிக்கவே இல்லை. அந்த மௌனத்தில் யார் யாரிடம் என்ன கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று வழியெல்லாம் வியர்த்தது, சொன்னதற்காக நிமிர்ந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள், கூனிக்குறுகித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா இன்னும் வந்து சேரவில்லை. வடிவு தலைமாட்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கடையில் நடந்ததைச் சொன்னேன், பொய்யையும் சொன்னேன், அதை மாற்றியதையும் சொன்னேன், அக்கா சொன்னதைச் சொல்லாமல் விட்டேன், பிறகு அதையும் சொன்னேன். பிள்ளை சிணுங்கியது. "நனைச்சிருக்கும். நர்ஸைக் கூப்பிடுங்க" என்றாள். வெந்நீர்க் குடுவையை எடுக்கக் கை போனது, போன கையை நிறுத்தினேன். நான் மாத்துறேன் என்றேன். வடிவு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சேலைத் துண்டை விலக்கினேன், அதற்குள் இன்னொரு துண்டு, அதற்குள் இன்னொன்று, முடிச்சு ஈரத்தில் இறுகிப்போயிருந்தது, நகத்தால் நெம்பி நெம்பி எடுத்தேன், கால் இரண்டும் உதைத்தது, என் விரலைவிடச் சின்னப் பாதம். அவிழ்த்தேன். பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்ததெல்லாம் ஒரு நொடியில் தெரிந்து முடிந்துவிட்டது, என் கண் அங்கே நிற்கவில்லை. இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு தடம் இருந்தது. முடிச்சு விழுந்த இடத்தில் தோல் லேசாக உரிந்திருந்தது. இவ்வளவு இறுக்கி யார் கட்டினது என்று கேட்டேன். வடிவு பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். "நர்ஸ்தான். நல்லா இறுக்கிக் கட்டுங்கம்மா, விலகிராமன்னு ஒவ்வொரு தடவையும் வாசல்ல நின்னு நீங்கதானே சொல்லிட்டுப் போவீங்க." நான் தடத்தின்மேல் விரலை வைத்தேன், பிள்ளை வயிற்றைச் சுருக்கிக்கொண்டது, பிறகு விட்டது. புதுத் துணிக் கட்டைப் பிரித்து ஒன்றை எடுத்து விரித்தேன், எந்த முனை எங்கே போகிறது என்று தெரியவில்லை. எனக்கு வலிக்காம கட்டத் தெரியாது வடிவு, சொல்லிக் குடு என்றேன்.